ஹோவர்கிராஃப்டைத் திருப்பியவர்களின் கதை

ஹோவர்கிராஃப்ட் வரலாறு என்று தேடினால் எல்லா இடத்திலும் ஒரே கதைதான் கிடைக்கும். ஒரு ஆங்கிலேயர், இரண்டு தகர டப்பா, காற்று ஊதும் ஒரு மோட்டார். டப்பாவை டப்பாவுக்குள் வைத்தார், ஊதினார், மிதந்தது, சுபம். அடுத்த பத்தியில் நேராக இங்கிலீஷ் கால்வாயைத் தாண்டிய படம். நடுவில் ஒரு கேள்வி யாருக்குமே தோன்றுவதில்லை. மிதந்தது சரி, அதை எப்படித் திருப்பினார்கள்?

இந்தப் பதிவு அப்படி நடுவில் விட்டுப்போன கதையைப் பற்றி. கொஞ்சம் நீளம், டீ எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள். ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நான் பி.காம். மாணவன். பத்தாம் வகுப்போடு இயற்பியலுக்கு முழுக்குப் போட்டவன். அதனால் கணக்கெல்லாம் பெருக்கல் வகுத்தலோடு நின்றுவிடும். மெக்கானிக்கல் நண்பர்கள் பின்னூட்டத்தில் வந்து கும்மலாம் :-)

முதலில் ஏன் இது ஒரு பிரச்சினை என்று புரிய வேண்டும். கேரம் போர்டை எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாகப் பவுடர் போட்ட பலகையில் ஸ்ட்ரைக்கரைச் சுண்டுகிறீர்கள். அது போகும்போதே தன்னைத்தானே சுற்றிக்கொண்டும் போகலாம். ஆனால் அது எந்தப் பக்கம் பார்த்துச் சுற்றினாலும், போகிற திசை மட்டும் மாறாது. கட்டையில் மோதினால்தான் மாறும். ஹோவர்கிராஃப்ட் என்பது மனிதன் உட்காரும் அளவுக்குப் பெரிய ஸ்ட்ரைக்கர். அவ்வளவுதான்.

கார் ஏன் திரும்புகிறது? டயர் தரையைப் பிடிக்கிறது. முன்சக்கரத்தைத் திருப்பினால் ரோடு அதைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. படகு ஏன் திரும்புகிறது? அதன் அடிப்பகுதி தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்கிறது, பக்கவாட்டில் நழுவ விடாமல் தண்ணீர் தடுக்கிறது. ஹோவர்கிராஃப்டுக்கு இந்த இரண்டுமே இல்லை. இருக்கக்கூடாது என்றுதானே அதைக் கண்டுபிடித்தார்கள்! உராய்வு இல்லாத வண்டி வேண்டும் என்று கேட்டு வாங்கிய வரம், திருப்பும்போது சாபமாகிவிட்டது. மூக்கை இடது பக்கம் திருப்பலாம். ஆனால் வண்டி பழைய திசையிலேயே, பக்கவாட்டாக, நண்டு மாதிரி போய்க்கொண்டிருக்கும். புதிய திசையில் இன்ஜின் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளித்தான் பாதையை வளைக்க வேண்டும்.

எவ்வளவு வளையும்? ஒரு சின்னக் கணக்கு. ஆளோடு சேர்த்து 250 கிலோ எடையுள்ள ஒரு வீட்டுத் தயாரிப்பு ஹோவர்கிராஃப்ட். அதன் விசிறி தரும் உந்துவிசை 400 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். விசையை எடையால் வகுத்தால் முடுக்கம் நொடிக்கு நொடி 1.6 மீட்டர். வண்டி மணிக்கு 36 கிலோமீட்டரில், அதாவது நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போகிறது. மொத்த விசையையும் திருப்பத்துக்கே செலவழித்தாலும் வளைவின் ஆரம் சுமார் 62 மீட்டர். முழுசாகத் திரும்பிப் பின்பக்கம் பார்த்து முழு த்ராட்டில் கொடுத்தால் நிற்க 31 மீட்டர். இதே வண்டி 72 கிலோமீட்டரில் போனால் எல்லாம் நான்கு மடங்கு: திரும்ப 250 மீட்டர் ஆரம், நிற்க 125 மீட்டர். தெருவில் நாம் சைக்கிளில் திரும்பும் வேகம் ஞாபகம் வருகிறதா? அந்த வேகத்துக்கே ஒரு சின்ன மைதானம் வேண்டும்.

சரி, இப்போது வரலாறு.

காற்றை அடியில் ஊதிப் படகின் உராய்வைக் குறைக்கலாம் என்ற யோசனை பழசு. இங்கிலாந்தின் ஜான் தார்னிகிராஃப்ட் 1870களிலேயே அதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். 1915இல் ஆஸ்திரியக் கடற்படைக்காக டாகோபெர்ட் முல்லர் என்ற அதிகாரி காற்று மெத்தையில் ஓடும் ஒரு டார்பிடோ படகைக் கட்டினார். ஆனால் அதை உந்தியது தண்ணீருக்குள் சுற்றிய புரொப்பல்லர். பாதி உடம்பு தண்ணீரைத் தொட்டுக்கொண்டே இருந்ததால் அது படகு வகையறா. சோவியத் யூனியனில் விளாதிமீர் லெவ்கோவ் 1930களில் காற்றில் மிதக்கும் படகுகளை நிஜமாகவே ஓட்டிக் காட்டினார். ராணுவ ரகசியம் என்பதால் அந்த அனுபவம் வெளியே வரவில்லை.

நமக்குத் தெரிந்த ஹோவர்கிராஃப்டின் அப்பா கிறிஸ்டோஃபர் காக்கரெல். 1910இல் கேம்பிரிட்ஜில் பிறந்தவர். மார்க்கோனி கம்பெனியில் எலக்ட்ரானிக்ஸ் பொறியாளராக நல்ல வேலையில் இருந்தவர், அதை விட்டுவிட்டு மனைவி வழியில் வந்த பணத்தைப் போட்டுப் படகு கட்டும் தொழிலில் இறங்கினார். (எங்கள் வணிகவியல் வகுப்பில் இதற்கு ஒரு பெயர் உண்டு, வேண்டாம் விடுங்கள்.) படகு மெதுவாகப் போவதற்குக் காரணம் தண்ணீரின் இழுவை என்று யோசித்து யோசித்துத்தான் 1955இல் அந்தப் புகழ்பெற்ற டப்பா சோதனை. பூனை உணவு வந்த சின்ன டப்பாவை காபி டப்பாவுக்குள் கவிழ்த்து, இரண்டுக்கும் நடுவிலுள்ள வளைய இடைவெளி வழியாகக் காற்றை ஊதி, கீழே சமையலறைத் தராசை வைத்து அளந்தார். ஒரே டப்பாவில் ஊதுவதைவிட வளைய இடைவெளியில் ஊதும்போது தராசில் அழுத்தம் அதிகம் காட்டியது. அதே டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

கவனியுங்கள், இந்தச் சோதனையில் "தூக்குவது" மட்டும்தான் இருக்கிறது. தராசு மேலும் கீழும் அளக்கும். இடமும் வலமும் அளக்காது.

அரசாங்கம் அதை ரகசியப் பட்டியலில் போட்டுவிட்டது. கடற்படையிடம் போனால் இது விமானம் என்றார்கள், விமானப்படையிடம் போனால் இது படகு என்றார்கள், தரைப்படைக்கு ஆர்வமே இல்லை என்று காக்கரெலே பின்னாளில் கிண்டலாகச் சொல்வாராம். தாலுகா ஆபீசுக்கு அலைந்தவர்களுக்கு இது புதுசாக இருக்காது. 1958இல்தான் ரகசியம் நீக்கப்பட்டு, அரசின் ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகம் பணம் கொடுத்து, வைட் தீவில் இருந்த சாண்டர்ஸ் ரோ என்ற விமானக் கம்பெனி வேலையை எடுத்துக்கொண்டது. அங்கே பிறந்ததுதான் எஸ்.ஆர்.என்.1. 1959 ஜூன் 11 அன்று கவ்ஸ் நகரில் பத்திரிகையாளர்கள் முன்னால் மிதந்தது. ஜூலை 25 அன்று, பிளேரியோ விமானத்தில் கால்வாயைக் கடந்து சரியாக 50 ஆண்டு நிறைவடைந்த நாளில், காலேயில் இருந்து டோவருக்கு இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகமாக எடுத்து வந்து சேர்ந்தது.

எஸ்.ஆர்.என்.1ஐ எப்படித் திருப்பினார்கள் என்பது எனக்கு மிகப் பிடித்த பகுதி. அதில் இருந்தது ஒரே ஒரு இன்ஜின், நடுவில் ஒரே ஒரு பெரிய விசிறி. விசிறி உறிஞ்சும் காற்றில் பெரும்பகுதி கீழே போய் வண்டியைத் தூக்கும். ஒரு பகுதியைத் திருடி, வண்டியின் இரண்டு பக்கமும் குழாய் மாதிரி ஓடும் பாதைகளில் விட்டார்கள். அந்தக் காற்று பின்பக்கமாகப் பீறிட்டு வண்டியை முன்னே தள்ளும். போகிற வழியில் இரண்டு பெரிய செங்குத்துச் சுக்கான்களின் மேல் பட்டுப் போகும். வேகம் குறைவாக இருக்கும்போது ஒரு பக்கக் காற்றை முன்னாலும் மறுபக்கக் காற்றைப் பின்னாலும் விட்டால் வண்டி நின்ற இடத்திலேயே சுற்றும். புல்டோசர் ஒரு பக்கச் சங்கிலியை முன்னும் இன்னொன்றைப் பின்னும் ஓட்டித் திரும்புமே, கிட்டத்தட்ட அதே தந்திரம்.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் கணக்கு வழக்கு பார்க்கிறவன் கண்ணுக்கு உடனே ஒன்று உறுத்தும். வரவு ஒன்று, செலவு மூன்று. அதே காற்றில் தூக்கவும் வேண்டும், தள்ளவும் வேண்டும், திருப்பவும் வேண்டும். ஒன்றுக்கு அதிகம் எடுத்தால் இன்னொன்றுக்குக் குறையும். கால்வாயைக் கடந்த பயணத்தில் விமானி பீட்டர் லாம்ப், பொறியாளர் ஜான் சாப்ளின் இருவரோடு காக்கரெலும் போனார். அவர் வேலை என்ன தெரியுமா? நகரும் எடைக்கல். வண்டியைச் சமநிலையில் வைக்க அவர் மேல்தளத்தில் இடம் மாறி மாறி நின்றார். கண்டுபிடித்தவரே கண்டுபிடிப்பின் ஓர் உதிரிபாகம்! இதைச் சிரிப்பாகத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு என்னவோ ஹோவர்கிராஃப்டைக் கட்டுப்படுத்தும் முறையைப் பற்றிய மிக நேர்மையான பாடம் இதுதான் என்று தோன்றுகிறது. ஏன் என்று பின்னால் வரும்.

அந்த வண்டி தரையில் இருந்து எழும்பியது ஏறக்குறைய ஒரு ஜாண். அதைவிடப் பெரிய அலையைத் தாண்ட முடியாது. தீர்வைக் கொண்டு வந்தவர் செசில் லாட்டிமர் நீதம்: விளிம்பைச் சுற்றி வளையும் ரப்பர் பாவாடை. (ஆங்கிலத்திலும் அதே பெயர்தான், என்னைத் திட்டாதீர்கள்.) பாவாடை வந்ததும் வண்டி மனித உயரத் தடைகளைப் பற்றியெல்லாம் யோசிக்க ஆரம்பித்தது. கூடவே இன்னொன்றும் நடந்தது. உயரமாக மிதக்கும் வண்டி பக்கவாட்டில் சாயும். பாவாடையின் ஒரு பக்கம் தண்ணீரைத் தொட்டால் அந்தப் பக்கம் இழுக்கும். திருப்புவதும் கவிழாமல் இருப்பதும் இனிமேல் ஒரே பிரச்சினையின் இரண்டு பக்கங்கள் ஆயின. 1972 மார்ச் 4 அன்று சவுத்ஸீ கரைக்கு அருகே மோசமான வானிலையில் ஒரு எஸ்.ஆர்.என்.6 பயணிகளோடு கவிழ்ந்தது. ஐந்து பேர் இறந்தார்கள்.

அந்த எஸ்.ஆர்.என்.5, எஸ்.ஆர்.என்.6 வகை வண்டிகளில் பின்னால் ஒரே புரொப்பல்லர், அதன் காற்றில் சுக்கான்கள். இதோடு பாவாடையை ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கி வண்டியைச் சாய்க்கும் ஏற்பாடும், மெத்தைக் காற்றைப் பக்கவாட்டில் "புஸ்" என்று வெளியே விடும் ஜன்னல்களும் இருந்தன. திரும்பும்போது உள்பக்கம் சாய்ந்தால் பாவாடை தண்ணீரை லேசாக உரசும். அந்த உரசல் வண்டியைப் பிடித்துக் கொடுக்கும். உராய்வே வேண்டாம் என்று ஓடிவந்தவர்கள் திருப்பத்துக்கு மட்டும் கொஞ்சம் உராய்வைக் கடன் வாங்கினார்கள்.

இன்னொரு கோஷ்டி வேறு வழியில் போனது. ஹோவர்மரைன் கம்பெனியின் எச்.எம்.2 (1968) போன்றவற்றில் இரண்டு பக்கமும் கெட்டியான சுவர் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும். முன்னும் பின்னும் மட்டும் பாவாடை. புரொப்பல்லரும் சுக்கானும் தண்ணீருக்குள். சாதாரணப் படகு போலவே சமர்த்தாகத் திரும்பும். ஆனால் கரையேறாது! திருப்புவதற்காக ஹோவர்கிராஃப்டின் சிறப்பையே விற்றுவிட்டார்கள் என்று சொல்லலாம். வியாபாரமாகப் பார்த்தால் அது தப்பான விற்பனை இல்லை.

அடுத்தது மகா ராட்சசன். 1968இல் டோவரில் இருந்து ஓடத் தொடங்கிய எஸ்.ஆர்.என்.4. காரையும் மனிதரையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு கால்வாயைக் கடக்கும். பின்னாளில் இரண்டை நடுவில் வெட்டி நீட்டியபோது 400க்கும் அதிகமான பயணிகள், 50க்கும் மேற்பட்ட கார்கள். நான்கு கேஸ் டர்பைன் இன்ஜின்கள். ஒவ்வொன்றும் கீழே ஒரு தூக்கும் விசிறியையும், மேலே தூண் மாதிரி நிற்கும் கம்பத்தின் உச்சியில் 5.8 மீட்டர் விட்டமுள்ள ஒரு புரொப்பல்லரையும் சுற்றும். விசேஷம் இதுதான்: அந்தத் தூண்களே திரும்பும். சுக்கானில் காற்றைப் படவிட்டுத் திருப்புவதற்குப் பதில் காற்றை உண்டாக்கும் புரொப்பல்லரையே வேண்டிய பக்கம் திருப்பிவிடுவது. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்பதால் முன்னதை ஒரு பக்கமும் பின்னதை இன்னொரு பக்கமும் திருப்பலாம், எல்லாவற்றையும் ஒரே பக்கம் திருப்பி வண்டியை நேராகப் பக்கவாட்டில் நகர்த்தலாம். பிளேடுகளின் கோணத்தை மாற்றிப் பிரேக்கும் போடலாம். பின்னால் வீடு உயரத்தில் இரண்டு வால் துடுப்புகள் வேறு. மாலுமி என்று சொல்லாமல் விமானி என்றே சொன்னார்கள், பயணத்தை "ஃப்ளைட்" என்றார்கள்.

இதற்கு மேல் என்ன வேண்டும் என்று தோன்றும். 1985 மார்ச் 30. பிரின்சஸ் மார்கரெட் என்ற எஸ்.ஆர்.என்.4 பலத்த காற்றில் டோவர் துறைமுகத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. காற்று அதை அப்படியே பக்கவாட்டில் தள்ளி, அலைதடுப்புச் சுவரில் மோத வைத்தது. பக்கம் கிழிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். நான்கு திரும்பும் புரொப்பல்லர்கள், பெரிய துடுப்புகள், அனுபவமுள்ள விமானிகள், எல்லாம் இருந்தன. ஆனால் துறைமுக வாசல் என்பது மெதுவாக நுழைய வேண்டிய இடம். மெதுவாகப் போகும்போது சுக்கானுக்கும் துடுப்புக்கும் பலம் குறைவு. அடியில் பிடிமானம் எதுவும் இல்லாத 56 மீட்டர் நீள உடம்பு காற்றுக்கு ஒரு பாய்மரம் மாதிரி. தண்ணீரில் அமிழ்ந்த கப்பலைக் காற்று தள்ளினால் தண்ணீர் எதிர்த்து நிற்கும். இதற்கு எதிர்த்து நிற்பது இன்ஜின் மட்டும்தான்.

இப்போது வீட்டுத் தயாரிப்புக்கு வருவோம். உண்மையில் பதிவே இதற்காகத்தான்.

காக்கரெல் கால்வாயைத் தாண்டிய அதே 1959இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், நெபோன்செட் என்ற சின்ன ஊரில், வில்லியம் பெர்டெல்சன் என்ற டாக்டர் தன் சொந்தக் காற்று மெத்தை வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். கிராமத்து டாக்டர். சேற்றுக் காலத்தில் நோயாளி வீட்டுக்குப் போக முடியவில்லை என்பதுதான் அவர் பிரச்சினை. "ஏரோமொபைல்" என்று பெயர் வைத்தார். அவற்றில் ஒன்று இன்று ஸ்மித்சோனியன் விமான அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. பெர்டெல்சனுக்குத் திருப்புவதுதான் முக்கியமாகப் பட்டது. சேற்றுப் பாதையில் போகிறவனுக்கு வேலி எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று தெரியும் அல்லவா? பிற்காலத்தில் அவர் விசிறியையே எல்லாப் பக்கமும் சாயும் கிண்ணத்தில் உட்கார வைத்தார். நேராக வைத்தால் தூக்கும், சாய்த்தால் சாய்த்த பக்கம் தள்ளும். தூக்குவது, தள்ளுவது, திருப்புவது, பிரேக் எல்லாம் ஒரே கைப்பிடியில். எனக்குத் தெரிந்த யோசனைகளிலேயே அழகானது இதுதான். ஆனால் வீட்டுக் கொல்லையில் அந்தக் கிண்ணத்தைச் செய்வது சாமான்யப்பட்டவர்களுக்கு நடக்கிற காரியம் இல்லை. அதனால் பரவவில்லை.

பரவியது வேறொன்று. 1964இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் பர்லி கிரிஃபின் ஏரியில் ஹோவர்கிராஃப்ட் பந்தயம் நடந்தது; உலகின் முதல் பந்தயம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். 1966இல் பிரிட்டனில் ஹோவர்கிராஃப்ட் கிளப் தொடங்கியது. ப்ளைவுட், ஃபைபர் கிளாஸ், பழைய டூ ஸ்ட்ரோக் இன்ஜின் என்று கையில் கிடைத்ததை வைத்து ஆயிரக்கணக்கானவர்கள் கட்ட ஆரம்பித்தார்கள். பந்தயம் என்றால் திரும்பித்தானே ஆகவேண்டும்? அங்கேதான் இன்றைக்கும் வீட்டுத் தயாரிப்பாளர்கள் பின்பற்றும் ஸ்டியரிங் உருவானது. மூன்று வரியில் சொன்னால்: பின்னால் ஒரு வட்டக் கூட்டுக்குள் விசிறி, கூட்டின் வாயில் இரண்டோ மூன்றோ நான்கோ செங்குத்துச் சுக்கான்கள், முன்னால் பைக் ஹேண்டில் பார். ஹேண்டிலில் இருந்து ஒரு கேபிள் சுக்கானுக்குப் போகிறது. அவ்வளவு எளிமை.

எளிமைக்குள்ளே இருக்கும் நுணுக்கங்கள்தான் சுவாரசியம். சுக்கானைத் தட்டையான தகட்டில் செய்தாலும் வேலை செய்யும், ஆனால் விமான இறக்கை போல முன்பக்கம் தடித்துப் பின்பக்கம் மெலிந்த வடிவில் தெர்மகோலைச் செதுக்கி மேலே ஃபைபர் கிளாஸ் ஒட்டினால் குறைந்த கோணத்திலேயே அதிக விசை கிடைக்கும். சுக்கான் சுழலும் அச்சை அதன் முன்விளிம்பிலேயே வைத்தால் காற்றழுத்தம் முழுவதும் ஹேண்டிலில் தெரியும், கை வலிக்கும். அச்சை முன்விளிம்பில் இருந்து அகலத்தில் நாலில் ஒரு பங்கு தள்ளி வைத்தால் காற்றே பாதி வேலையைச் செய்துவிடும். அதற்கும் பின்னால் தள்ளிவிட்டால் ஆபத்து: சுக்கான் தானாக ஒரு பக்கம் புரண்டு அங்கேயே நின்றுவிடும். சுமார் 30 டிகிரிக்கு மேல் திருப்பியும் பயனில்லை. காற்று சுக்கானின் மேற்பரப்பை விட்டுப் பிய்ந்து போய், விசை கூடுவதற்குப் பதில் இழுவைதான் கூடும். எல்லாச் சுக்கான்களும் ஒன்றாகத் திரும்ப மேலே ஒரு இணைப்புக் கம்பி. கேபிள் விஷயத்தில் பழைய ஆட்கள் கறாராக இருப்பார்கள்: சைக்கிள் பிரேக் கேபிள் இழுக்கும், தள்ளாது. ஆகவே ஒன்று போதாது, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வேண்டும். இல்லையென்றால் விசைப்படகுகளில் வருவது போல இழுக்கவும் தள்ளவும் கூடிய கெட்டிக் கேபிள் ஒன்று. எதைப் போட்டாலும், அது அறுந்தால் சுழலும் விசிறிப் பக்கம் போகாதபடி கட்டியிருக்க வேண்டும்.

ஒரே இன்ஜின் ஒரே விசிறி வைத்தவர்கள் எஸ்.ஆர்.என்.1இன் காற்றுத் திருட்டையே தலைகீழாகச் செய்தார்கள். விசிறிக்குப் பின்னால் கீழ்ப்பகுதியில் ஒரு தடுப்புத் தகடு. காற்றில் மூன்றில் ஒரு பங்கு போல அதற்குக் கீழே போய் மெத்தைக்குள் நுழையும், மிச்சம் பின்னால் போய் வண்டியைத் தள்ளும். மலிவு, எடையும் குறைவு. ஆனால் ஒரு சிக்கல். வேகத்தைக் குறைக்க த்ராட்டிலை விட்டால் மூன்றும் சேர்ந்து போய்விடும். மெத்தை தளரும், உந்துவிசை போகும், சுக்கானில் பட காற்றே இல்லாததால் ஸ்டியரிங்கும் போகும். எதிரில் ஏதோ வருகிறது என்று பயந்து த்ராட்டிலை விடுவது மனித இயல்பு. அந்த நொடியில் ஹேண்டில் பாரை எப்படித் திருப்பினாலும் பிரயோஜனம் இல்லை. ஜெட் ஸ்கீ ஓட்டுகிறவர்களுக்கும் இதே பிரச்சினை உண்டு. தப்பிக்க வேண்டும் என்றால் பயப்படும்போது இன்னும் முறுக்க வேண்டும்! அதனால்தான் தூக்குவதற்குத் தனி இன்ஜின் வைத்துக்கொள்வது நல்லது என்று ஒரு கட்சி இருக்கிறது. என் ஓட்டும் அதற்குத்தான். இரண்டு இன்ஜின் செலவு அதிகம்தான், ஆனால் மெதுவாகப் போகும்போதும் மிதந்துகொண்டே இருக்கலாம்.

இன்னொரு விஷயம் படித்தபோது கொஞ்சம் அதிர்ச்சியாகவே இருந்தது. இடது பக்கம் திரும்ப வேண்டும் என்றால் சுக்கான் வாலை வலது பக்கம் தள்ளும். தள்ளுகிற இடமோ வண்டியின் ஈர்ப்பு மையத்தைவிட உயரம். விளைவு இரண்டு. முதலில், மொத்த வண்டியும் ஒரு கணம் வலப்பக்கம், அதாவது எதைத் தவிர்க்க நினைக்கிறோமோ அந்தப் பக்கமே, லேசாக நகரும். அடுத்து, வண்டி வலது பக்கம் சாயும். பைக் உள்பக்கம் சாய்ந்து திரும்புகிறது. இது வெளிப்பக்கம் சாயும். அதைச் சரிக்கட்ட ஒரே வழி, ஓட்டுநர் தன் உடம்பை உள்பக்கம் தள்ளுவது. பந்தய வீடியோக்களில் ஓட்டுநர்கள் முட்டிபோட்டு உட்கார்ந்து, திருப்பத்தில் கிட்டத்தட்ட வெளியே தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அது ஸ்டைல் இல்லை. உடம்பு சாய்ந்தால் உள்பக்கப் பாவாடை தண்ணீரைத் தொட்டு உரசும், வண்டி அதைப் பிடித்துக்கொண்டு திரும்பும். எஸ்.ஆர்.என்.6 இயந்திரம் வைத்துச் செய்த அதே வேலை. அப்புறம் கால்வாயைக் கடக்கும்போது மேல்தளத்தில் இடம் மாறி மாறி நின்ற காக்கரெல் ஞாபகம் வருகிறாரா? 200 கிலோ வண்டியில் 70 கிலோ மனிதன்தான் பெரிய சுக்கான்.

பிரேக் விஷயத்தில் வீட்டுத் தயாரிப்பாளர்கள் இரண்டு வகை. பந்தயக்காரர்கள் வண்டியை அப்படியே 180 டிகிரி சுற்றி, பின்பக்கமாக நழுவிக்கொண்டே முறுக்குவார்கள். ஊர் சுற்றுகிறவர்கள் கூட்டின் வாயில் இரண்டு வளைந்த வாளிகளை மாட்டுவார்கள். மூடினால் காற்று முன்பக்கம் திரும்பும். ஜெட் விமானம் இறங்கும்போது செய்வதுதான். ஒரு பக்க வாளியை மட்டும் மூடினால் நின்ற இடத்திலேயே சுற்றலாம். 1959இல் எஸ்.ஆர்.என்.1 பக்கவாட்டுக் குழாய்களில் செய்ததை ஒருவர் கார் ஷெட்டில் ஃபைபர் கிளாஸ் வைத்துச் செய்துவிடுகிறார்.

எல்லாம் முடிந்து தொழில் என்ன ஆயிற்று என்று கேட்டால், கேஸ் டர்பைன்களின் எரிபொருள் பசியை யாராலும் தாங்க முடியவில்லை. 1980களில் வந்த ஏபி1-88 வகை டீசல் இன்ஜினுக்கு மாறியது. பின்னால் கூட்டுக்குள் புரொப்பல்லர், அதன் வாயில் சுக்கான்கள், முன்னால் திரும்பும் காற்றுத் துளைகள். பின்பக்கத்தை மட்டும் பார்த்தால் பெரிதாக்கப்பட்ட வீட்டுத் தயாரிப்பு மாதிரியே இருக்கும்! நம் கடலோரக் காவல்படை 2000இல் வாங்கத் தொடங்கிய கிரிஃபான் வண்டிகளும் இதே குடும்பம்தான். மண்டபம் கரையில் மணலில் ஏறி நிற்பதைப் பார்த்தவர்கள் பின்னால் இருக்கும் இரண்டு வட்டக் கூடுகளைக் கவனித்திருக்கலாம். ராமேஸ்வரம் பக்கத்து மணல்திட்டுகளில் சாதாரணப் படகு தட்டி நின்றுவிடும், இது தாண்டிவிடும்.

1994இல் கால்வாய்ச் சுரங்கம் திறந்தது, 1999இல் டியூட்டி ஃப்ரீ விற்பனை நின்றது, 2000 அக்டோபர் 1 அன்று எஸ்.ஆர்.என்.4களின் கடைசிப் பயணம். மோதிய பிரின்சஸ் மார்கரெட் பழுது பார்க்கப்பட்டுப் பல வருஷம் ஓடி, கடைசியில் 2018இல் உடைக்கப்பட்டது. பிரின்சஸ் ஆன் மட்டும் லீ ஆன் த சோலன்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1995 செப்டம்பர் மாதம் மட்டும் தனியாகக் குறித்து வைக்க வேண்டியது. அந்த மாதம் 14ஆம் தேதி பிரின்சஸ் ஆன் கால்வாயை 22 நிமிஷத்தில் கடந்து சாதனை படைத்தது. பதினோரு நாள் கழித்து, 25ஆம் தேதி, போர்ச்சுகலின் டோரோ ஆற்றில், வீட்டுத் தயாரிப்பாளர்களுக்கு வரைபடம் விற்றுப் புகழ்பெற்ற அமெரிக்கர் பாப் விண்ட், கார் இன்ஜின் வைத்த தன் சின்ன வண்டியில் மணிக்கு 137.4 கிலோமீட்டர் போய் உலக சாதனை செய்தார். மேலே போட்ட அதே கணக்கில், அதே 250 கிலோவும் 400 நியூட்டனும் வைத்து, அந்த வேகத்தில் திருப்பத்தின் ஆரத்தை நீங்களே போட்டுப் பாருங்கள். விடை சொல்கிறவர்களுக்கு கேன்டீனில் ஒரு சமோசா.

கொசுறு: 1959 டிசம்பரில் எடின்பரோ கோமகன் பிலிப் கவ்ஸுக்கு வந்து, எஸ்.ஆர்.என்.1ஐ நானே ஓட்டுகிறேன் என்று விமானியிடம் கேட்டு வாங்கினார். ஓட்டிய வேகத்தில் மூக்குப் பகுதி லேசாக நசுங்கிவிட்டது. அதைக் கடைசிவரை சரி செய்யவே இல்லை, "ராஜ நசுங்கல்" என்று பெயர் வைத்து அப்படியே விட்டுவிட்டார்கள்.